192 சதவீதம் என்று எழுதாதீர்கள்

இந்த மாதம் என் மேசைக்கு வந்த மூன்றாவது ஆய்வேடு இது. மின்னாற்பகுப்புக் கலம் ஒன்றில், கார்பன் டை ஆக்சைடை எதிர்மின்வாயில் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறார்கள்; நேர்மின்வாயில் தண்ணீருக்குப் பதில் கிளிசரால். உழைப்பில் குறையில்லை. முடிவுரையில் மட்டும் கொட்டை எழுத்தில்: “மொத்தத் திறன் 192%”.

எதிர்மின்வாயில் ஃபாரடே திறன் 97, நேர்மின்வாயில் 95, இரண்டையும் கூட்டிவிட்டார்கள். ஃபாரடே திறன் என்பது அந்தந்த மின்வாயில் எலக்ட்ரான்கள் எந்தப் பொருளுக்குப் போயின என்ற கணக்கு. நேர்மின்வாயில் கிளம்பிய அதே எலக்ட்ரான்தான் கம்பி வழியே எதிர்மின்வாய்க்கு வந்து சேருகிறது. ஏறும் இடத்தில் ஐம்பது தலை, இறங்கும் இடத்தில் ஐம்பது தலை எண்ணிவிட்டு, பஸ்ஸில் நூறு பேர் வந்தார்கள் என்று எந்த நடத்துநராவது கணக்கு எழுதுவாரா? ஆற்றல் மிச்சமானதா என்பதைச் சொல்ல வேண்டியது கலத்தின் மின்னழுத்தம். ஆய்வேட்டில் அது எங்குமே இல்லை!

உண்மையான லாபம் அங்கேதான் இருக்கிறது. தண்ணீரை ஆக்சிஜனாக்கிக் கார்பன் மோனாக்சைடு எடுக்கக் குறைந்தது 1.33 வோல்ட் வேண்டும், அதில் 1.23 ஆக்சிஜனுக்கே போய்விடுகிறது. கிளிசராலுக்கு மாறினால் மின்செலவு 53% வரை குறையலாம் என்று 2019இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். நேர்மின்வாயில் ஆக்சிஜனுக்குப் பதில் குளோரின் எடுப்பவர்கள் இந்தப் பெருமையைப் பேச வேண்டாம், 1.23க்குப் பதில் அதற்கு 1.36 வோல்ட். அதன் லாபம் கிடைக்கும் பொருளின் மதிப்பில்தான். இன்னொன்று: குளோரினையும் கார்பன் மோனாக்சைடையும் ஒரே கழிவுக்குழாயில் விடாதீர்கள். வெளிச்சம் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும்.

கரைசலில் உள்ள காரத்தையும் கவனியுங்கள். ஒரு கிளிசரால் மூலக்கூறு மூன்று ஃபார்மேட்டாகும்போது (ஃபார்மிக் அமிலத்தின் உப்பு வடிவம்) எட்டு எலக்ட்ரான்களைத் தந்து, பதினோரு ஹைட்ராக்சைடைத் தின்கிறது. எதிர்மின்வாய் திருப்பித் தருவது எட்டுதான். அதையும் கார்பன் டை ஆக்சைடு கார்பனேட்டாக்கிவிடும். காரத்தன்மையைத் தொடக்கத்தில் ஒருமுறை அளந்துவிட்டு நூறு மணி நேரம் ஓட்டுவது என்ன சோதனை?

இரண்டு பக்கத் திரவங்களையும் தனித்தனியே சோதியுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள சவ்வு எல்லாவற்றையும் தடுத்துவிடாது. இரு பக்கமும் ஃபார்மேட் எடுப்பவர்கள், தயவுசெய்து, கார்பன்-13 (அடையாளம் காணக்கூடிய, சற்றுக் கனமான கார்பன்) கொண்ட கார்பன் டை ஆக்சைடில் ஒரு முறையாவது ஓட்டிப் பாருங்கள். எது எங்கே பிறந்தது என்று அப்போதுதான் தெரியும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. எச்சரிக்கைக் கருவி இல்லாத அறையில் கலத்தை இயக்கவே கூடாது.

ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 192ஐ அடித்துவிட்டு, அந்த இடத்தில் வோல்ட்டை எழுதச் சொல்லி.