ஹேண்ட் பிரேக் போட்ட வண்டி ஏன் படகு பின்னாடியே தண்ணிக்குள்ள போகுது?

அமெரிக்கா, ஆஸ்திரேலியா பக்கமெல்லாம் சின்ன படகு வச்சிருக்கிறவங்க அதை வீட்டு வாசல்லயே ட்ரெய்லர் மேல ஏத்தி நிறுத்தியிருப்பாங்க, லீவு வந்தா பிக்கப் வண்டியில மாட்டி ஏரிக்கோ கடலுக்கோ இழுத்துட்டுப் போவாங்க. அங்க தண்ணிக்குள்ள இறங்குற மாதிரி ஒரு கான்கிரீட் சரிவு இருக்கும், போட் ராம்ப்னு பேரு. ரிவர்ஸ்ல இறங்கி, ட்ரெய்லர் முழுகுற அளவுக்குப் போய், படகு மிதந்ததும் கழட்டி விட்டுட்டு காலி ட்ரெய்லரோட மேல ஏறி வரணும், அவ்வளவுதான் வேலை. ஆனா மயாமி பக்கத்துல பிளாக் பாயிண்ட் மரீனா ராம்ப்ல எடுத்த வீடியோவை யூட்யூப்ல தேடிப் பாருங்க, இந்த வேலையில எத்தனை விதமா சொதப்பலாம்னு தெரியும். ஆளே இல்லாத வண்டி மெதுவா பின்னாடி நகர்ந்து தண்ணிக்குள்ள போறது அதுல ஒரு தனி ரகம்.

ஓனரைக் கேட்டா பிரேக் பிடிக்கலன்னு சொல்வாரு. பல தடவை பிரேக் நல்லாவே பிடிச்சிருக்கும், சக்கரம் ஒரு சுத்து கூட சுத்தியிருக்காது, பூட்டின சக்கரத்தோடயே வண்டி வழுக்கிட்டுப் போயிருக்கும்.

ஏன்னா கால் பிரேக்கை மிதிச்சா நாலு சக்கரமும் பிடிக்கும். ஹேண்ட் பிரேக் போட்டுட்டு காலை எடுத்த அந்த நொடியில நாலு ரெண்டாயிடும், ஏறக்குறைய எல்லா வண்டியிலயும் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான். இப்ப ராம்ப்ல வண்டி எப்படி நிக்குதுன்னு யோசிங்க. முன் சக்கரம் மேல காய்ஞ்ச கான்கிரீட்ல. பின் சக்கரம் தண்ணி ஓரத்துல, பாசி மேல. கடலோர ராம்ப்னா இன்னும் மோசம், ஏத்தத்துல முழுகி வத்தத்துல வெளிய வர்ற பகுதி முழுக்க பச்சைப் பசேல்னு வழவழன்னு இருக்கும், நடக்கிற ஆளே வழுக்கி விழுவான். நல்லா பிடிக்கக்கூடிய ரெண்டு டயரும் சும்மா நிக்குது, மொத்த பாரமும் வழுக்குற ரெண்டு டயர் தலையில.

கணக்குப் போட்டே பாத்துடலாம். ராம்ப் சரிவு பெரும்பாலும் 12ல இருந்து 15 சதவீதம் வரை இருக்கும், அதாவது 100 அடி போனா 15 அடி இறக்கம். பிக்கப் 2,500 கிலோ, படகும் ட்ரெய்லரும் சேர்ந்து 2,000 கிலோன்னு வச்சுக்குவோம். 15 சதவீத சரிவுல இந்த 4,500 கிலோவும் கீழ இழுக்கிற விசை கிட்டத்தட்ட 670 கிலோ. பின் சக்கரம் ரெண்டுலயும் உக்காந்திருக்கிற எடை சுமார் 1,400 கிலோ. காய்ஞ்ச கான்கிரீட்ல உராய்வு எண் (டயர் மேல இருக்கிற எடையில எவ்வளவு பங்கு விசையை அது தாங்கும்ங்கிற கணக்கு) 0.7னு எடுத்தா 980 கிலோ வரை தாங்கும், கவலையே இல்ல. பாசி மேல அது 0.2 ஆயிட்டா தாங்குறது வெறும் 280 கிலோ. சரி, படகைத்தான் தண்ணி தாங்கிக்குதேன்னு கேக்கலாம், ஆனா ட்ரெய்லரை விடுங்க, வண்டியோட சொந்த எடையே 370 கிலோ விசையில கீழ இழுக்குது. படகு போனாலும் வண்டி நிக்காது. போதாக்குறைக்கு பின்பக்கம் ரொம்ப இறங்கிட்டா தண்ணி அதையும் கொஞ்சம் தூக்கிவிடும், டயர் மேல இருக்கிற எடை இன்னும் குறையும்.

பாசியே இல்லன்னாலும் ஹேண்ட் பிரேக்குக்கு இது சின்ன வேலை இல்ல. அமெரிக்காவுல எஃப்எம்விஎஸ்எஸ் 135னு ஒரு பாதுகாப்பு விதி, 3,500 கிலோ வரைக்கும் உள்ள வண்டிங்களுக்கு. முழு லோடோட 20 சதவீத சரிவுல 5 நிமிஷம் ஹேண்ட் பிரேக் வண்டியைப் பிடிச்சு நிறுத்தணும்னு அது சொல்லுது. முழு லோடு 3,200 கிலோன்னா அங்க பிரேக் தாங்குற விசை சுமார் 630 கிலோ. நம்ம ராம்ப்ல 670. சரிவு கம்மி, ஆனா பின்னாடி தொங்குற ட்ரெய்லர் அந்த டெஸ்ட்லயே கிடையாது.

அப்ப ஆட்டோமேட்டிக் கியர்ல "பி" (பார்க்கிங்) போட்டிருக்கேனேன்னு ஒரு நம்பிக்கை இருக்கும். "பி" போட்டா என்ன ஆகுதுன்னா, கியர்பாக்ஸ்ல இருந்து வெளிய வர்ற ஷாஃப்ட்ல ஒரு பல் சக்கரம் இருக்கும், ஒரு சின்ன இரும்பு நாக்கு போய் அந்தப் பல் இடுக்குல உக்காந்துக்கும். ஷாஃப்ட் பூட்டிக்கும். சக்கரம் பூட்டிக்காது, அதுதான் விஷயம். ஷாஃப்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல டிஃபரன்ஷியல் இருக்கு, வளைவுல ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்தணும்னு வச்சது. ஷாஃப்ட் நின்னுட்டா டிஃபரன்ஷியலுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான், ஒரு சக்கரம் முன்னாடி சுத்தினா இன்னொன்னு அதே அளவு பின்னாடி சுத்தணும். ரெண்டு டயரும் தரையை நல்லா பிடிச்சிருந்தா அது நடக்காது, வண்டி நிக்கும். ஒரு டயர் பாசியில, இன்னொன்னு நல்ல கான்கிரீட்லன்னா? நல்ல டயர் ஜாலியா பின்னாடி உருளும், பாசி டயர் அதே இடத்துல எதிர்ப்பக்கமா வழுக்கிச் சுத்தும், வண்டி தண்ணியைப் பாத்துப் போகும். பஞ்சர் போடும்போது "பி"யை மட்டும் நம்பி ஒரு பின் சக்கரத்தை ஜாக்கி வச்சு தூக்கினா வண்டி உருண்டு ஜாக்கியில இருந்து விழுறதும் இதே கூத்துதான். ஹேண்ட் பிரேக் இந்த விஷயத்துல மேல், அது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியா பிடிக்கும்.

ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்ல அந்த மோடைப் போட்டுட்டு "பி" போட்டா கதை மாறும், முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் சேர்ந்து பூட்டிக்கும், காய்ஞ்ச தரையில நிக்கிற முன் டயரும் வேலைக்கு வரும். ஆனா ட்ரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிச்சுக் குடுக்கிற பெட்டி, தெரியாம நியூட்ரல்ல நின்னுட்டா "பி" போட்டும் புண்ணியமில்ல, கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இருக்காது.

ட்ரெய்லர்லயும் பிரேக் இருக்கே, அது என்ன பண்ணுதுன்னா, ராம்ப்ல ஒண்ணும் பண்ணாது. படகு ட்ரெய்லர்ல நிறைய இருக்கிறது சர்ஜ் பிரேக். வண்டி வேகம் குறைச்சா ட்ரெய்லர் பின்னாடி இருந்து முட்டும், அந்த முட்டுற விசையில கப்ளருக்குள்ள (ட்ரெய்லரை வண்டியோட மாட்டுற முன்பகுதி) இருக்கிற மாஸ்டர் சிலிண்டர், அதாவது பிரேக் ஆயிலைத் தள்ளுற சிலிண்டர், அமுங்கி ட்ரெய்லர் சக்கரத்துல பிரேக் பிடிக்கும். ஒயர், கரண்ட் எதுவும் இல்லாம தானா வேலை செய்யும், தண்ணியில முழுகுற ட்ரெய்லருக்கு நல்ல ஐடியா. ராம்ப்ல பாருங்க, ட்ரெய்லர் கீழ, வண்டி மேல. அது முட்டல, இழுக்குது. கப்ளர் முழுசா நீண்டு கிடக்கு, பிரேக் பிடிக்க வழியே இல்ல.

இதே பிரேக் ரிவர்ஸ்ல தலைகீழா படுத்தும். பின்னாடி தள்ளும்போது கப்ளர் அமுங்குமே, வண்டி நிக்குதுன்னு நினைச்சு ட்ரெய்லர் பிரேக் பிடிச்சுக்கும். அதனால டிஸ்க் பிரேக் ட்ரெய்லர்ல ரிவர்ஸ் லைட் ஒயர்ல இருந்து கரண்ட் எடுத்து கரண்ட்ல இயங்குற ஒரு சோலனாய்டு வால்வு பிரேக் ஆயிலைப் போக விடாம அடைச்சு வைக்கும், அஞ்சு பின் பிளக்ல அஞ்சாவது ஒயர் அதுக்குத்தான். பல்பு தண்ணியில முழுகி வெடிச்சிடும்னு பயந்து சிலர் மேலயே பிளக்கைப் புடுங்கிட்டு ரிவர்ஸ் எடுப்பாங்க, ட்ரெய்லர் அசையாது, இவங்க ஆக்சிலரேட்டரை மிதிப்பாங்க. சமதளத்துல பிடிச்சுக்கிட்டு நின்ன ட்ரெய்லர் பிரேக், சரிவு வந்ததும் படக்குனு விடும்.

நிஜமான பிரேக் கோளாறும் இல்லாம இல்ல. ரோட்ல தெரியாதது ராம்ப்ல தெரியும். பெடலை ஒரே அழுத்தத்துல ரெண்டு மூணு நிமிஷம் மிதிச்சுக்கிட்டு இருக்கும்போது அது மெதுவா, மெதுவா கீழ இறங்குதுன்னா, வெளிய எங்கயும் ஆயில் சொட்டலன்னா, மாஸ்டர் சிலிண்டர் உள்ள ரப்பர் சீல் தேய்ஞ்சு ஆயில் உள்ளுக்குள்ளயே கசியுதுன்னு சந்தேகப்படலாம். சிக்னல்ல அவ்வளவு நேரம் அவ்வளவு அழுத்தி யாரும் நிக்கிறதில்ல, அதனால கண்ணுல படாது. இன்னொன்னு, புகைக்குழாய் தண்ணிக்குள்ள போயிடும்னு இன்ஜினை அணைக்கிறது. பெடலை லேசா மிதிக்க உதவுற வேக்கம் பூஸ்டர்ல மிச்சம் இருக்கிற வேக்கம் ஓரிரு மிதிக்குத்தான் வரும், அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும்.

மலைப்பாதையில இறங்கி வந்த ஏரின்னா சூடும் சேர்ந்துக்கும். டாட் 3 பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது 205 டிகிரி வரைக்குமாவது கொதிக்கக்கூடாது, ஈரத்தை உறிஞ்சி பழசானப்புறம் அந்த வரம்பு 140 டிகிரிதான். ஆயில் கொதிச்சு குமிழி வந்தா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும், ஆவியை அழுத்தினா அது அமுங்கத்தான் செய்யும். அதோட ட்ரெய்லர் சக்கரத்து நடுவுல பேரிங் இருக்கிற சூடான ஹப்பை குளிர்ந்த தண்ணியில முக்கினா உள்ள இருக்கிற காத்து சுருங்கி சீல் வழியா தண்ணியை உறிஞ்சிடும், பேரிங் கிரீஸ் பால் மாதிரி வெளுத்துடும். கால் மணி நேரம் ஆற விட்டா போதும். வெளிய வந்ததும் பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே கொஞ்ச தூரம் ஓட்டணும், டிரம் பிரேக் உள்ள போன தண்ணி சட்டுனு காயாது. உப்புத் தண்ணின்னா நல்ல தண்ணியில கழுவியே ஆகணும், இல்லன்னா ஹேண்ட் பிரேக் கேபிள்தான் முதல்ல துருப்பிடிச்சு இறுகும், அடுத்த சீசன்ல லிவரைத் தூக்கினா தூக்கின மாதிரியே இருக்கும் ஆனா பின்னாடி ஒண்ணும் பிடிச்சிருக்காது.

விவரம் தெரிஞ்சவங்க ராம்ப்ல ஒரு வரிசை வச்சிருப்பாங்க. கால் பிரேக்கை மிதிச்சபடியே நியூட்ரல், அப்புறம் ஹேண்ட் பிரேக், அப்புறம் காலை மெதுவா எடுத்துப் பாக்கிறது, நிக்குதுன்னா மறுபடி மிதிச்சு "பி". நேரா "பி" போட்டா மொத்த பாரமும் அந்தச் சின்ன நாக்கு மேல தொங்கும், எடுக்கும்போது டமார்னு ஒரு சத்தம் வரும். அப்புறம் முன் சக்கரத்துக்குப் பின்னாடி கட்டை வைக்கணும், பின் சக்கரத்துக்கு இல்ல, பாசியில கட்டையும் சேர்ந்துதான் வழுக்கும். ரெண்டு பேர் வந்திருந்தா ஒருத்தர் சீட்டை விட்டு இறங்கவே வேணாம், காலை பிரேக்ல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கட்டும், சீட் பெல்ட்டைக் கழட்டிட்டு ஜன்னலை முழுசா இறக்கி விட்டுட்டு. பவர் விண்டோ தண்ணிக்குள்ள போனப்புறம் இறங்கும்னு நம்ப முடியாது.