குழி விழுந்த பல்லுக்குப் பேஸ்ட் மருந்தாகாது

போன வாரமும் ஒன்று. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் ஆயா ஒன்பது வயதுப் பேரனைக் கூட்டி வந்தார். கைப்பையில் ‘எனாமலைச் சீராக்கும்’ (பல்லின் கெட்டியான மேலோடுதான் எனாமல்) என்று அச்சிட்ட பேஸ்ட். நான்கு மாதமாக விடாமல் தேய்க்கிறார்களாம். “குழி மூடிடுச்சா பாருங்க டாக்டர்.” எக்ஸ்ரேயில் சொத்தை நரம்பை நெருங்கியிருந்தது. டர்பனில் இந்த மாதம் நான் பார்க்கும் நான்காவது பிள்ளை இவன்.

தயவுசெய்து கேளுங்கள். வெட்டிய நகம் வளரும், அடியில் உயிருள்ள திசு இருக்கிறது. எனாமலை உருவாக்கிய செல்களோ பல் முளைக்கும்போதே போய்விடுகின்றன. எடையில் சுமார் 96 விழுக்காடு தாது உப்புதான் எனாமல். ஃபுளோரைடும் எச்சிலும் செய்வதெல்லாம், அமிலம் கரைத்த தாதுவை நுண்துளைகளில் திரும்பப் படியவைப்பது. அதற்கு மேற்பரப்பு உடையாமல் இருக்க வேண்டும். உடைந்த குழி கெட்டிப்பட்டு நிற்கலாம், மூடாது. “இன்னும் விலை கூடின பேஸ்ட் வாங்கட்டுமா?” வேண்டாம், அதுவும் மூடாது.

காப்பாற்றக்கூடிய கட்டம், மேற்பரப்பு உடையுமுன் தெரியும் வெள்ளைப் புள்ளி. அந்தப் பையனின் பக்கத்துப் பல் ஈரமாக இருந்தபோது பழுதில்லாமல் தெரிந்தது. ஐந்து விநாடி காற்றடித்தேன். சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல் ஒரு புள்ளி. எனாமலின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) 1.62, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. துளையிலிருந்த நீர் போய்க் காற்று புகுந்ததும் இந்த வேறுபாடு கூடி, ஒளி சிதறி வெண்மை எழுகிறது. ஆயாவிடம் கண்ணாடியில் காட்டினேன், வாயடைத்துப் போனார்.

ஒளிக்கருவியின் 405 நானோமீட்டர் ஊதா ஒளியில் நல்ல பல் பச்சையாக ஒளிரும், தாது இழந்த இடம் கருக்கும். 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி பல்லிடுக்குச் சொத்தையைக் கதிர்வீச்சின்றிக் காட்டும். சில மாதம் கழித்து அதே ஒளியில் பார்த்தால் புள்ளி தேறுகிறதா என்று தெரியும். (தேநீர்க் கறையும் பற்காரையும் கருவியை ஏமாற்றும், நாங்கள் முதலில் சுத்தம் செய்வது அதற்குத்தான், கட்டணம் கூட்ட அல்ல.) நரம்புவரை போனதை அறிய எக்ஸ்ரே வேண்டும்.

கூல்டிரிங்குக்கு 2018-இல் சர்க்கரை வரி வந்தும், பள்ளிப் பையில் பாட்டில் இருக்கத்தான் செய்கிறது. அதை நிறுத்துங்கள். இரவில் ஃபுளோரைடு பேஸ்டால் தேய்த்ததும் துப்பினால் போதும், வாய் கொப்பளிக்க வேண்டாம். அதன்பின் பாலும் ரஸ்க்கும் கூடாது.

நாளைக் காலை பிள்ளையை ஜன்னலோரம் நிறுத்தி, மேலுதட்டைத் தூக்கி, பஞ்சால் பல்லைத் துடைத்துப் பாருங்கள். ஈறோரம் சுண்ணாம்பு வெள்ளை தெரிந்தால் அந்த வாரமே கூட்டி வாருங்கள். வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.