இரண்டு விரிசல்களுக்கு நடுவே

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளைச் செப்பனிடும் பட்டறையில், வெல்டிங் தழும்பைவிட அதன் ஓரத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. சிவப்புச் சாயத்தைத் தெளித்துத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பூச்சை அடித்தால், விரிசலுக்குள் புகுந்திருந்த சாயம் மயிரிழையாகக் கசிந்து வெளிவரும். பல வேளைகளில் தெரிவது ஒரே கோடு அல்ல. ஒரே வரிசையில் இரண்டு மூன்று சிறு கோடுகள்.

கடலடிக் குழாய்களிலும் நிகழ்வது இதுவே. சுமார் 12 மீட்டர் நீளத் துண்டுகளைப் பற்றவைத்தே குழாய்த்தடம் அமைவதால், 100 கிலோமீட்டருக்குள் 8,000-க்கும் மேற்பட்ட இணைப்புகள் வந்துவிடுகின்றன. உருகிய உலோகம் ஆறிச் சுருங்கும்போது உள்ளே தகைவு, அதாவது உலோகத்தை இழுக்கும் உள்விசை, தேங்குகிறது. தழும்பின் ஓரத்தில் வடிவம் சட்டென மாறுவதால் விசையும் அங்கேயே குவிகிறது. கடல்தரைப் பள்ளத்தின் மேல் தாங்கலின்றிக் கிடக்கும் பகுதியை நீரோட்டச் சுழிகள் அதிரவைக்க, லட்சக்கணக்கான அதிர்வுகளில் அந்த ஓரத்தில் பல விரிசல்கள் ஒருசேர முளைக்கக்கூடும்.

விரிசல் வளரும் வேகத்துக்கான விதியை 1960-களில் வகுத்தவர் அமெரிக்கப் பொறியாளர் பால் பாரிஸ். எஃகில் அந்த வேகம் ஏறத்தாழ நுனியில் குவியும் தகைவு வீச்சின் (ஒவ்வோர் அதிர்விலும் தகைவு ஏறி இறங்கும் அளவின்) முப்படியைப் பொறுத்தது. வீச்சு இரட்டித்தால் வேகம் எட்டு மடங்காகும். ஒரே தளத்தில் இரு விரிசல்கள் நெருங்கும்போது, அவை சுமக்க முடியாத விசையை இடையிலுள்ள உலோகமே தாங்குவதால், எதிரெதிரே நிற்கும் நுனிகள் விரைந்து வளர்ந்து ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றன.

உண்மையான கேடு அதற்குப் பிறகுதான். 2 மி.மீ. ஆழமும் 8 மி.மீ. நீளமும் கொண்ட இரண்டு விரிசல்கள் இணைந்து 16 மி.மீ. நீளமாகும்போது ஆழம் கூடுவதில்லை. ஆனால் நீண்ட விரிசலின் நடுப்பகுதிக்குப் பக்கத்து உலோகத்தின் தாங்கல் குறைந்துவிடுவதால், குழாய்ச் சுவரைத் துளைத்துச் செல்லும் வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. இரண்டும் அருகருகே இணைகோடுகளாய் அமைந்தால் மட்டும் கதை வேறு: ஒன்று மற்றொன்றின் சுமையை மறைத்துக் கொஞ்சம் காப்பாற்றுகிறது.

ஆகவே பிரிட்டனின் பிஎஸ் 7910 தரநிலை போன்ற மதிப்பீட்டு நெறிகள், ஒரே தளத்தில் போதிய இடைவெளியின்றி இருக்கும் விரிசல்களை ஒரே பெரிய விரிசலாகவே கணக்கிடச் சொல்கின்றன. மிகையான எச்சரிக்கைதான், ஆனாலும் எனக்கு அது சரியாகவே படுகிறது. பட்டறையிலும் விவரமான வெல்டர், இரண்டு சிவப்புக் கோடுகளுக்கு நடுவிலுள்ள நல்ல இரும்பையும் சேர்த்தே கிரைண்டரால் குடைந்தெடுத்துவிட்டுத்தான் மறுபடி வெல்டிங் வைக்கிறார்.