ஹேக்கிங் பழக அடுத்தவர் தளம் வேண்டாம்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் உயர்தரம் எழுதிய பிள்ளைகள் பலர் "சேர், எத்திகல் ஹேக்கிங் படிக்கணும்" என்கிறார்கள். உரிமையாளரின் அனுமதியோடு தளத்தின் ஓட்டைகளைத் தேடுவதுதான் அது. இணையத்தளங்களின் பாதுகாப்பைச் சோதிப்பதுதான் என் தொழில், அதனால் கேட்கவே சந்தோஷம். ஆனால் அடுத்து வரும் கேள்வி பயமுறுத்துகிறது: "எங்க ஸ்கூல் வெப்சைட்டில் பழகிப் பார்க்கலாமா?"

கூடாது. இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டப்படி, அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதே குற்றம். எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை. சிறைத்தண்டனை 5 ஆண்டு வரை போகலாம்.

டியூஷன் வகுப்புத் தளம் ஒன்றில் தன் புள்ளிகளைப் பார்த்த தம்பி ஒருவர், முகவரியின் கடைசியில் இருந்த 1045ஐ 1046 ஆக்கினார். இன்னொரு பிள்ளையின் புள்ளிகள், தோட்ட முகவரி, அப்பாவின் போன் நம்பர் எல்லாம் வந்துவிட்டன. உள்ளே வந்தவர் லொகின் செய்தவரா என்று சேர்வர் பார்த்தது. அந்தப் பக்கம் அவருடையதுதானா என்று பார்க்கவில்லை. இணையத்தளப் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் (OWASP) அமைப்பு வெளியிட்ட 2021ஆம் ஆண்டின் ஆபத்தான குறைகள் பட்டியலில் முதலிடம் பிடித்தது இந்த வகைக் குறைதான். மற்ற இலக்கங்களையும் பார்க்கப் போனவரை அங்கேயே நிறுத்தச் சொன்னேன். அது அடுத்த வீட்டுப் பிள்ளையின் விவரம்.

இதே குறையை வீட்டிலேயே பழகலாம். ஓவாஸ்ப்பின் ஜூஸ் ஷொப், வேண்டுமென்றே ஓட்டைகளோடு கட்டிய ஒரு போலிக் கடை. இலவசம். டவுன் பக்கம் வரும்போது இறக்கி உங்கள் லெப்டொப்பில் போட்டுவிட்டால், தோட்டத்தில் சிக்னல் இல்லாத நாளிலும் ஓடும். லொகின் செய்து, பிரவுசரில் எஃப்12 அழுத்தி, செஷன் ஸ்டோரேஜில் (பிரவுசர் தற்காலிகமாகத் தகவல் வைக்கும் இடம்) உங்கள் கூடைக்கான 'பிஐடி' (bid) என்ற இலக்கத்தை மாற்றிவிட்டு உங்கள் கூடையைத் திறங்கள். வேறொருவரின் கூடை தெரியும். அப்புறம் அதே எஃப்12 ஜன்னலின் நெட்வேர்க் பகுதியில் எந்தக் கோரிக்கை போனது, என்ன பதில் வந்தது என்று நிதானமாகப் படியுங்கள். ஹேக்கிங் கருவிகளோடு வரும் காளி லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, விளங்காத கட்டளைகளைத் தட்டுவதைவிட இதில்தான் கைத்தேர்ச்சி வரும். எச்டிடிபி (பிரவுசரும் சேர்வரும் பேசும் முறை), குக்கி (பிரவுசரில் தளம் வைக்கும் சிறு குறிப்பு), கொஞ்சம் எஸ்கியூஎல் (தரவுத்தளத்திடம் கேட்கும் மொழி) தெரியாமல் பெரிய தொகை கட்டிச் சான்றிதழ் வகுப்பில் சேரவே வேண்டாம்.

சரி, நிஜத் தளமொன்றில் தற்செயலாகக் குறை கண்ணில் பட்டால்? மேலே தோண்டாதீர்கள், எதையும் இறக்கி வைக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். எந்தப் பக்கம், என்ன செய்தபோது, என்ன தெரிந்தது என்று மட்டும் தளத்தின் உரிமையாளருக்கு எழுதுங்கள். அவர் கண்டுகொள்ளாவிட்டால் நாட்டின் இணையப் பாதுகாப்பு அமைப்பான ஸ்ரீ லங்கா செர்ட்டுக்கு (Sri Lanka CERT) அறிவியுங்கள்.