அன்க்ரூட்: தமிழில் ஆளில்லா

2022 நவம்பர் 16 அன்று கென்னடி விண்வெளி மையத்திலிருந்து நிலவை நோக்கி ஆர்ட்டெமிஸ்-1 கிளம்பியபோது நாசா அதை ‘அன்க்ரூட்’ (uncrewed, ஆளில்லாத) பயணம் என்றது. 1967-இல் சாட்டர்ன்-5 ராக்கெட்டை முதன்முதலாகச் சோதித்த அப்பல்லோ-4-இலும் யாரும் ஏறவில்லை, ஆனால் அப்போது புழங்கிய சொல் ‘அன்மேன்ட்’. அதிலுள்ள ‘மேன்’ ஆணை மட்டும் குறிக்கிறதே என்று பின்னாளில் உறுத்த, ‘க்ரூ’ அந்த இடத்தைப் பிடித்தது.

‘க்ரூ’வின் பூர்வீகம் சுவையானது. லத்தீனில் ‘கிரெஸ்கெரே’ என்றால் வளர்தல். அது பிரெஞ்சு வழியாக, படைக்குத் துணையாக அனுப்பும் கூடுதல் ஆட்கள் என்ற பொருளில் ஆங்கிலத்துக்குள் நுழைந்து, அப்புறம் கப்பலில் வேலை பார்க்கும் கூட்டத்துக்குப் பெயரானது. பிறையைச் சொல்லும் ‘கிரெசன்ட்’டும் அதே வேர்தான், முதலில் வளர்பிறைக்கு மட்டும் வழங்கியது.

சரி, தமிழில்? ‘ஆளில்லா’ போதும். ஆள் என்றால் ஆணும்தான், பெண்ணும்தான், அதனால் ஆங்கிலத்துக்கு வந்த சிக்கல் நமக்கு வரவே இல்லை. சிலர் ‘தானியங்கி’ என்று எழுதுகிறார்கள், அது வேறு: ஆளில்லாத கலத்தைத் தரையிலிருந்தும் இயக்கலாம், ஆள் உட்கார்ந்திருக்கும் கலமும் தானே ஓடலாம். இன்னொன்று, ‘இல்லா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் (‘இல்லாத’வின் கடைசி எழுத்து விழுந்தது), பின்னால் வல்லினம் வந்தால் மிகும். ஆளில்லாச் சோதனை என்பதே சரி. செய்தித்தாள்கள் அந்த ‘ச்’சைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகின்றன.

வேடிக்கை என்னவென்றால், ஆர்ட்டெமிஸ்-1-இன் ஓரியன் கலத்தில் இருக்கைகள் காலியாக இல்லை. தளபதி இருக்கையில் ஆரஞ்சு உடை மாட்டிய ஒரு பொம்மை, பெயர் மூனிகின் காம்போஸ். நடுவழியில் பழுதான அப்பல்லோ-13-ஐப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர உழைத்த பொறியாளர் ஆர்ட்டுரோ காம்போஸ் நினைவாக வைத்தது. இருக்கையில் அதிர்வை அளக்கும் உணரிகள், உடையில் கதிர்வீச்சை அளக்கும் உணரிகள். பக்கத்தில் ஹெல்கா, சோஹர் என்று பெண்ணுடல் வடிவில் கை கால் இல்லாத இரண்டு பொம்மைகள். சோஹருக்கு மட்டும் கதிர்வீச்சுக் கவசம் போட்டு, ஹெல்காவை அப்படியே விட்டு, வித்தியாசம் பார்த்தார்கள். 25 நாளுக்கும் மேல் சுற்றிவிட்டுக் கலம் டிசம்பர் 11-இல் பசிபிக்கில் வந்து விழுந்தது.

எதிர்ச்சொல்தான் இன்னும் சரியாக அமையவில்லை. ‘மனிதர்களைச் சுமந்து செல்லும் விண்வெளிப் பயணம்’ என்று வால் நீட்டி எழுதுகிறார்கள். ‘ஆளேறிய பயணம்’ என்றாலே புரியும், தலைப்பிலும் அடங்கும்.