மாதம் 300 யூனிட் இலவசமா? சூரிய வீடு திட்டத்தில் உண்மையில் என்ன கிடைக்கும்

'பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு, அரசே மாதம் 300 யூனிட் சும்மா கொடுக்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நம் மொட்டை மாடியில் நாம் பணம் போட்டு சோலார் பேனல் வைக்கிறோம், செலவில் ஒரு பகுதியை ஒன்றிய அரசு மானியமாகத் தருகிறது, அதில் கிடைக்கும் மின்சாரம் நம் கரண்ட் பில்லில் கழிகிறது.

2024 பிப்ரவரியில் 75,021 கோடி ரூபாய் மதிப்பில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது, இலக்கு ஒரு கோடி வீடுகள். இவ்வளவு பணம் எதற்கு? 2025 ஜூனில் இந்தியாவின் மின் நிறுவுதிறனில் (எல்லா மின் நிலையங்களும் சேர்ந்து அதிகபட்சம் தயாரிக்கக்கூடிய அளவில்) பாதி, நிலக்கரி, எரிவாயு போன்றவை இல்லாத வழிகளுக்கு வந்துவிட்டது. 2030க்கு வைத்த இலக்கு, ஐந்து வருடம் முன்னதாகவே முடிந்தது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் திறன் வேறு, உற்பத்தி வேறு. சோலார் பகலில் மட்டும் ஓடும், அனல்மின் நிலையம் ராத்திரியும் ஓடும், அதனால் நாம் எரிக்கிற மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. எண்ணூர்ப் பக்கம் வீட்டு வாசலில் அனல்மின் நிலையச் சாம்பல் படிவதைப் பார்த்தவர்களுக்கு அந்த முக்கால் பங்கு என்றால் என்னவென்று தெரியும். அதைக் குறைக்கத்தான் இவ்வளவு பணம்.

சரி, மானியத்துக்கு வருவோம். பேனலின் திறன் 1 கிலோவாட் என்றால் 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் எவ்வளவு பெரிதாக வைத்தாலும் 78,000 மட்டுமே. எனவே "அஞ்சு கிலோவாட் போடுங்க சார், மானியம் கூட வரும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும், நல்ல வெயிலில் நாளைக்கு நாலு யூனிட் வரும். மானியம் வேலை முடிந்து, நெட் மீட்டர் (நாம் எடுக்கும் மின்சாரம், திருப்பி அனுப்பும் மின்சாரம் இரண்டையும் அளக்கும் மீட்டர்) பொருத்தி, ஆய்வும் ஆன பிறகே வங்கிக் கணக்குக்கு வரும், அதுவரை முழுத் தொகையையும் நீங்கள்தான் புரட்ட வேண்டும். பிணை கேட்காத வங்கிக் கடன் வசதியும் உண்டு. பேனல் இந்தியாவில் தயாரானதாகவும், வைப்பவர் பதிவு செய்த விற்பனையாளராகவும் இருக்க வேண்டும்.

நெட் மீட்டர் கணக்கு எளிது. மின்வாரியத்திடமிருந்து 500 யூனிட் எடுத்து, பகலில் மிச்சமான 350 யூனிட்டைத் திருப்பி அனுப்பியிருந்தால், மீதி 150 யூனிட்டுக்குத்தான் மின்கட்டணம். ஒன்று முக்கியம்: பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பில், கரண்ட் போனால் உங்கள் சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இதைச் சொல்லாமலே விற்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கோபம்.

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் முடிகிற வீடு என்றால், தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம் என்பதால் போட்ட பணம் திரும்ப ரொம்ப நாளாகும், அவசரப்பட வேண்டாம். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதில் பெரிதாக எதுவும் இல்லை, அது திட்டத்தின் குறைதான். அடுக்குமாடி என்றால் மோட்டார், லிஃப்ட், பொது விளக்குக்காகக் குடியிருப்போர் சங்கம் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் பெறலாம்.

விண்ணப்பம் திட்டத்தின் தேசிய இணையதளத்தில், மின் இணைப்பு எண்ணைக் கொடுத்து. அதற்கு முன் பில்லை எடுத்துப் பெயரைப் பாருங்கள். இணைப்பு இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால், மின்வாரிய அலுவலகத்தில் பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் மானியம் வரும் நேரத்தில் வங்கிக் கணக்குப் பெயர் ஒத்துப்போகாமல் நின்றுவிடும்.