தண்ணியில இறங்கி வந்த வின்ச்சை கழட்டிப் பார்த்தீங்களா?

மழை சீசன் முடிஞ்சா போதும், நம்ம ஒர்க்‌ஷாப்புக்கு வின்ச் (மாட்டிக்கிட்ட வண்டியை ரோப் சுத்தி இழுக்க பம்பர்ல மாட்டுற மோட்டார் மெஷின்) வேலை வரிசையா வர ஆரம்பிச்சிடும். கோவா பக்கம் போயிட்டு வந்த தார் ஜீப், வாகமண் சேத்துல உருண்டுட்டு வந்த ஜிப்சி, எல்லாத்துலயும் கம்ப்ளைன்ட் ஒன்னுதான், "அண்ணே அங்க சூப்பரா இழுத்துச்சு, வந்து வீட்டுல நிறுத்துனதோட சரி, இப்ப பட்டனை அமுக்குனா டிக்குனு ஒரு சத்தம் மட்டும்தான் வருது". வின்ச் பெரும்பாலும் இழுக்கும்போது சாகுறதில்லைங்க, இழுத்து முடிச்சிட்டு பம்பர்ல சும்மா உக்காந்திருக்கும்போதுதான் சாகுது.

என்ன நடக்குதுன்னா, 9500 பவுண்ட் வின்ச்னா சுமார் 4300 கிலோ இழுக்கும், முழு லோடுல 12 வோல்ட் பேட்டரியில இருந்து 400 ஆம்பியர் பக்கம் உறிஞ்சும், அதனால மோட்டார் நல்லா கொதிச்சிருக்கும். அந்த சூட்டோட நீங்க வண்டியை ஓடையில இறக்குறீங்க, வெளிய சட்டுனு குளிருது, உள்ள இருக்குற காத்து சுருங்குது, சீல் இடுக்கு வழியா தண்ணியை உள்ள இழுத்துக்குது. பாக்ஸ்ல ஐபி 67னு, அதாவது தண்ணி தூசி உள்ள போகாதுங்கற ரேட்டிங், போட்டிருக்கேன்னு கேப்பீங்க. அது 1 மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம் முக்கி வைக்கிற டெஸ்ட், அதுலயும் தண்ணிக்கும் பொருளுக்கும் சூடு 5 டிகிரிக்கு மேல வித்தியாசப்படக் கூடாதுன்னு விதியே இருக்கு. கொதிக்கிற மோட்டாரை பச்சைத் தண்ணியில இறக்குறதுக்கு யாரும் சர்டிபிகேட் தரல.

உள்ள போன தண்ணி கிரீஸோட கலந்து பால் டீ கலர்ல ஆயிடும். கியர்பாக்ஸ் மூடியைத் திறந்ததும் அந்தக் கலரைப் பார்த்தாலே தெரிஞ்சிடும், இந்த வின்ச் எத்தனை மாசமா திறக்கலன்னு.

அடுத்த தப்பு வாட்டர் வாஷ். சேறு போகணும்னு பிரஷர் கன்னை ட்ரம் (ரோப் சுத்துற உருளை) ஓரத்துலயே வச்சு அடிக்கிறாங்க. ஓடையில போகாத தண்ணி இதுல போயிடும். சாதா ஹோஸ் பைப், பழைய பெயிண்ட் பிரஷ், கொஞ்சம் ஷாம்பு போதும். அப்புறம் மேல டபிள்யூடி-40 அடிச்சிட்டு சர்வீஸ் முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க, அது ஈரத்தை விரட்டும், இறுகுனதை இளக்கும், கியருக்கு கிரீஸ் வேலையை அது செய்யாது.

சரி, கழட்டுறதுக்கு வருவோம். முதல்ல பேட்டரி ஒயரை எடுத்துடுங்க, இதுல சோம்பேறித்தனம் வேண்டவே வேண்டாம். மூடி, ரிங் கியர், ட்ரம் சப்போர்ட் எல்லாத்துக்கும் குறுக்க மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வச்சுக்கிட்டு, ஒவ்வொரு ஸ்டேஜா எடுக்கும்போது போட்டோ எடுங்க. நம்ம ஊர்ல ஓடுற தாழ்வான டைப் வின்ச் முக்கால்வாசி மூணு ஸ்டேஜ் பிளானட்டரி கியர் (நடுக் கியரைச் சுத்தி சின்னக் கியருங்க ஓடுற செட்), மாத்தி அடுக்கிட்டா திரும்பவும் கழட்டணும். கியரை மண்ணெண்ணெய்ல கழுவி, துணியில துடைச்சு, நல்லா காய விட்டு பல்லு தேய்ஞ்சிருக்கா பாருங்க. ரப்பர் ஓ-ரிங்கை மண்ணெண்ணெய்ல ஊற வைக்காதீங்க, சில வகை ரப்பர் ஊதிடும்.

இப்ப கிரீஸ். தண்ணி தாங்குற லித்தியம் காம்ப்ளக்ஸ் இல்லன்னா மெரைன் கிரீஸ், நம்ம வெயிலுக்கு கெட்டித்தன்மையில 2ம் நம்பர் கிரேடு போதும், லடாக் மாதிரி குளிர் இடத்துக்குப் போறவங்க மட்டும் இளசான கிரேடு பாருங்க. பல்லு மேல, பின் மேல ஒரு படலமா தடவுனா போதும், கோயில் பிரசாதம் மாதிரி கை நிறைய அள்ளி அப்ப வேண்டியதில்ல. பழசை முழுசா எடுக்காம அது மேலயே வேற வகை கிரீஸ் போடாதீங்க, சில வகை ஒன்னுக்கொன்னு சேராது, தண்ணியா இளகி ஒழுகிடும்.

எல்லாத்தையும் விட முக்கியமானது பிரேக். இந்த டைப்ல பிரேக் ட்ரம்முக்குள்ள இருக்கும், மோட்டார்ல இருந்து கியருக்குப் போற ஷாஃப்ட்லயே உக்காந்திருக்கும். அந்த லைனிங்ல கிரீஸ் பட்டா, சரிவுல தொங்குற வண்டியை அது பிடிக்காது, ரோப் தானா விட்டுக்கிட்டே வரும். நல்ல மனசோட எல்லா இடத்துலயும் கிரீஸ் போட்டு அனுப்புன வின்ச்சை நான் நிறைய பார்த்திருக்கேன், பார்க்க பளபளன்னு இருக்கும், எனக்குத்தான் பார்த்தாலே பயமா இருக்கும். பிரேக்கை பிரேக் கிளீனர்ல கழுவி காய வைங்க, அவ்வளவுதான்.

திரும்ப மாட்டும்போது டை ராட் (ட்ரம்மோட ரெண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கிற கம்பி) போல்டை விரல் இறுக்கத்துல விட்டுட்டு, ட்ரம்மை கையால சுத்திப் பாருங்க. லேசா சுத்துனா மாத்தி மாத்தி சமமா டைட் பண்ணுங்க. ஃப்ரீ ஸ்பூல் (கியரை விடுவிச்சு ரோப்பை கையால இழுக்குறது) டைட்டா இருக்கு, கிளட்ச் போச்சுன்னு வர்ற கேஸ்ல பாதி இந்த ராட் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு இருக்குறதுதான்.

மோட்டார்ல கார்பன் பிரஷ், துரு, டெர்மினல்ல பச்சை பூத்திருக்கா, இது மூணையும் பாருங்க. டெர்மினலை தேய்ச்சு, டைட் பண்ணி, அப்புறம் மேல டைஎலக்ட்ரிக் கிரீஸ். டிக் டிக் சத்தத்துக்கு பல நேரம் காரணம் பேட்டரி சார்ஜ் இல்லாததும் இந்த டெர்மினலும்தான், நேரா சொலினாய்டு (மோட்டாருக்கு கரண்ட் விடுற சுவிட்ச்) வாங்க ஓடாதீங்க.

ரோப்பைப் பொறுத்தவரை ஸ்டீலும் சிந்தெடிக்கும் நேர் எதிர். ஸ்டீலுக்கு இளசான ஆயில் துணியில தொட்டுத் தடவணும், கெட்டி கிரீஸ் போட்டா மணலைப் பிடிச்சு வச்சுக்கும், கிளவுஸ் இல்லாம தொடவே தொடாதீங்க. சிந்தெடிக்குக்கு எண்ணெயே வேண்டாம், பக்கெட் தண்ணியில அலசி நிழல்ல காய வைங்க, ஏன்னா உள்ள புகுந்த மணல் ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் நூலை அறுத்துக்கிட்டே இருக்கும். ரோப் வெளிய வர்ற இடத்துல இருக்குற, ஸ்டீல் ஓடுன பழைய ரோலர்லயே சிந்தெடிக்கை ஓட்டாதீங்க, அதுல இருக்குற பிசிறு ரோப்பை கிழிச்சிடும்.

காய்ஞ்சதும் தொளதொளன்னு சுத்தி விட்டுடாதீங்க. லேசான ஏத்தத்துல, வண்டியை நியூட்ரல்ல போட்டு, ஒரு மரத்துல பட்டை பெல்ட் மாட்டி, வண்டி தன்னைத் தானே இழுத்துக்கிட்டு மேல வர்ற மாதிரி சுத்துங்க, உள்ள ஒருத்தர் பிரேக்ல கால் வச்சிருக்கட்டும். அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் ரோப்பை விட்டு இழுங்க, மோட்டார் லேசா சூடானா மிச்ச ஈரமும் காயும்.